சித்திரை வெயிலும் ஆக்காண்டி முட்டையும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மாரிப்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து, வாவியின் நீர் கரையை விட்டு இறங்கத் தொடங்கும் பங்குனியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பறவைகள் தம் நாளாந்தப் போக்கையே மாற்றிக்கொள்கின்றன. வடக்கேயிருந்து வந்து தங்கியிருந்த உள்ளான்களும் தாராக்களும் திரும்பிப் போகப் போக, இங்கேயே பிறந்து வளர்ந்தவை மேய்ச்சல் நிலமான தரவையிலும் வயல் வரம்பிலும் மணல் மேட்டிலும் தாமரைக் குளத்திலும் முட்டையிடத் தொடங்குகின்றன. குளிர்நாடுகளில் பனி விலகித் தளிர் விட்டதும் தொடங்கும் இந்தப் பருவத்தை இங்கே தொடக்கி வைப்பது தண்ணீரின் வற்றம்தான். நீர் சுருங்கச் சுருங்க மீனும் இறாலும் புழுவும் ஆழங்குறைந்த இடங்களில் அடைபட்டுப் போவதால் குஞ்சுக்கு இரை தேடுவது எளிதாகிறது. வெறுந்தரையும் மணற்பரப்பும் வெளிப்படுவதால் நிலத்தில் முட்டையிடும் பறவைக்கு இடமும் கிடைத்துவிடுகிறது. கமராவும் கையுமாக அலைகின்ற என்னைப் போன்றவர்களுக்கும் ஆண்டின் மிகச் சிறந்த மாதங்கள் இவைதாம். பறவைக்கு நம்மால் மிகுந்த தீங்கு விளையக்கூடிய மாதங்களும் இவையே.

கூடுகட்டும் காலத்தில் எப்படிப் படம்பிடிப்பது என்று சொல்லித்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் காலநிலையை மனத்திற்கொண்டு எழுதியவை. தாய்ப்பறவையை முட்டையிலிருந்து நெடுநேரம் எழுப்பி வைக்காதீர்கள், முட்டை குளிர்ந்து கரு இறந்துவிடும் என்பது அவற்றில் தவறாமல் வரும் எச்சரிக்கை. விதி சரியானதுதான், ஆனால் அதற்கான காரணம் எங்கள் ஊரில் தலைகீழாகிவிடுகிறது. முட்டைக்குள் இருக்கும் கரு வளர்வதற்கு ஏறத்தாழ 37 முதல் 38 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. அதைவிடக் குறைந்த வெப்பத்தைக் கரு ஓரளவு நேரம் தாங்கிக்கொள்ளும், வளர்ச்சி மந்தமாகுமே தவிர உடனே இறந்துவிடாது. ஆனால் நாற்பதைக் கடந்து சில பாகைகள் ஏறினாலே அதற்கு உயிராபத்து. இலங்கையின் மேல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்கள் ஏப்ரல் 5 முதல் 15 வரையில் அமைகின்றன; மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் அது சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முந்தி வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் ஒரு கம்பை நட்டு வைத்தால் அதன் நிழல் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத அந்த மணலில், மறைப்பு எதுவுமின்றிக் கிடக்கும் ஒரு முட்டை எவ்வளவு விரைவாகச் சூடேறும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே காலை ஆறரை மணிக்கு ஒரு பறவையைப் பத்து நிமிடம் எழுப்பி வைப்பதும், பதினொரு மணிக்கு அதே பறவையை அதே பத்து நிமிடம் எழுப்பி வைப்பதும் ஒன்றாகிவிடாது. எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் பேசுகின்றன. எங்கள் பகுதிக்குத் தூரத்துக்கும் முன்னால் கடிகாரத்தை வைக்க வேண்டும் என்பது என் துணிபு. நிலத்தில் முட்டையிட்டிருக்கும் பறவைகளுக்கு அருகிலிருந்து காலை எட்டரை மணிக்குள் விலகிவிடுவேன். மாலை நாலரைக்குப் பிறகே மீண்டும் போவேன். இடைப்பட்ட நேரத்தில் வாவியின் மேலும் தரவையின் மேலும் கானல் அலையத் தொடங்கிவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸைக் கொண்டுபோனாலும் இறகின் விளிம்பு கூர்மையாக விழாது என்பது இந்த விதிக்குக் கிடைக்கும் ஒரு சிறு ஆறுதல்.

இதை நான் கற்றுக்கொண்டது ஆக்காண்டியிடம். ஆட்காட்டி என்று எழுதினாலும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஆக்காண்டி என்றே யாரும் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னே சிவந்த தோல்மடலும் மஞ்சள் காலும் கொண்ட இந்தப் பறவை கூடு என்று எதையும் கட்டுவதில்லை. தரவையிலோ அறுவடையான வயற்கண்டத்திலோ கையளவு பள்ளம் ஒன்றை நெஞ்சால் அழுத்தி உண்டாக்கி, சுற்றிலும் சிறு கற்களையும் ஆட்டுப் புழுக்கைகளையும் சேர்த்து, பெரும்பாலும் நான்கு முட்டைகளை அவற்றின் கூரிய முனைகள் நடுவில் சந்திக்கும்படி வைக்கும். மண்ணிறமும் சாம்பல் நிறமும் கலந்த ஓட்டில் கருந்திட்டுகள் இருக்கும். ஒரு முறை கண்டுவிட்டு, கண்ணை அப்பால் எடுத்து மறுபடி பார்த்தால் அவை இருந்த இடம் தெரியாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 28 முதல் 30 நாள் வரை செல்லும்.

வெயில் ஏறியபின் இப்பறவையைத் தூரத்திலிருந்து கவனித்தால், முட்டையின் மேல் அமராமல், கால்களைச் சற்று அகட்டி, சிறகுகளைத் தொங்கவிட்டு, அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி நிற்பதைக் காணலாம். அடைகாப்பதில் சலிப்புற்று எழுந்து நிற்கிறது என்று புதிதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அது தன் உடலால் முட்டைகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. துணைப்பறவை அருகிலுள்ள வாய்க்காலுக்கு நடந்து போய் வயிற்று இறகுகள் நனையும்வரை நீரில் அமர்ந்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைகளின் மேல் அமரும். ஈரத்தினால் முட்டையின் சூடு தணிகிறது. நனைந்த வயிற்றோடு நடந்துவரும் அந்தப் பறவையின் படம் ஒன்று என்னிடம் உள்ளது. வயிற்று வெண்மை முழுவதும் திரிதிரியாய் ஒட்டிக்கொண்டு, ஒரு துளி மஞ்சள் காலில் வழிந்து நிற்கும். முட்டைகள் அந்தப் படத்தில் இல்லை. ஆயினும் முட்டைகளைக் காட்டும் எந்தப் படத்தையும்விட ஆக்காண்டியின் அடைகாப்பைப் பற்றி அது அதிகமாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் படத்தை எடுக்க முடிந்ததற்கு வயல்வெளியான வட்டையில் வேலை செய்யும் ஒரு முல்லைக்காரரே காரணம். வரம்போரத்தில் நான்கு பக்கமும் கம்பு நட்டு, கம்புகளில் உரப்பைத் துண்டுகளைக் கட்டி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டபோது, “ஆக்காண்டி முட்ட வெச்சிருக்கு தம்பி. வெட்டுற மிசின்காரனுக்குத் தெரியணுமே, அதுக்குத்தான்” என்றார். அறுவடை இயந்திரம் அந்தச் சிறு சதுரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கிட்டப் போகலாமா என்று கேட்டதற்கு, “மாட்டோட மாடா அங்கால வாடிக்குள்ள இருங்க, அது தன்பாட்டுல வரும்” என்று வயலோரக் குடிலான வாடியைக் காட்டினார். புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

மாட்டோடு மாடாக என்றதும் இங்கிலாந்தின் கீற்றன் சகோதரர்கள் நினைவுக்கு வந்தார்கள். ரிச்சர்ட் கீற்றன், செரி கீற்றன் என்ற இருவரும் 1892இல் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படம்பிடித்து இந்தத் துறைக்கு அடியெடுத்து வைத்தவர்கள். பறவைகள் மாட்டுக்கு அஞ்சுவதில்லை என்பதைக் கண்டு, 1900இல் உள்ளே குடைவான ஒரு பொய்மாட்டைச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் கமராவோடு புகுந்து நின்று படமெடுத்தார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. தரவையில் உண்மையான மாடுகளே நிறைய நிற்கின்றன. வாடியிலோ நிறுத்திய முச்சக்கர வண்டியிலோ தோணியிலோ அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதனைப் பறவைகள் பெரிதாகப் பொருட்படுத்துவதும் இல்லை. வாவியில் வீச்சுவலை எறியும் தோணிக்குப் பக்கத்திலேயே கொக்கு நிற்கும். அதே கொக்கு, கரையில் ஒருவர் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடந்து வந்தால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே எழும்பிவிடும். நேராக நடந்து வருவதும், கண்ணை நிலைகுத்தி நோக்குவதும் வேட்டைக்காரனின் இலக்கணம் என்று பறவைக்குத் தெரியும்.

ஒளியைப் பொறுத்தவரை எங்கள் நில அமைப்பு ஒரு வரம். காலையில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் படுவான்கரைக்குப் போய் கிழக்கே பார்க்க வேண்டும். மற்றக் கருவி விவரங்கள் அவ்வளவு முக்கியமல்ல. 400 மி.மீ. லென்ஸ் குறைந்தபட்சம் வேண்டும், 600 இருந்தால் பறவைக்கு நல்லது. ஒலியெழுப்பாத மின்னணு ஷட்டர் உள்ள மிரர்லெஸ் கமரா இருந்தால் இன்னும் நல்லது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பொந்து தோண்டிக் குடியிருக்கும் பறவைகளின் கதை வேறு. நீலவால் பஞ்சுருட்டான் இலங்கையின் பெரும்பாலான இடங்களுக்குக் குளிர்காலத்தில் வந்து சித்திரையளவில் திரும்பிவிடும் விருந்தாளி. ஆனால் கிழக்கில் ஒரு சிறு தொகை இங்கேயே தங்கி, மணற்கரைகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. பச்சை உடலும் நீல வாலும் செங்கபிலத் தொண்டையும், சிவந்த கண்ணைக் கடந்து செல்லும் கருங்கோடுமாக, படம்பிடிப்பவர் யாரையும் பித்தராக்கக்கூடிய அழகு. ஒரு மீற்றருக்கும் மேல் நீளும் அந்த வளைக்குள் வெயில் நுழையாது என்பதால் ஆக்காண்டிக்கு உள்ள வெப்பப் பிரச்சினை இதற்கு அவ்வளவாக இல்லை. இதற்குப் பிரச்சினை வாசல்தான். தும்பியையோ தேனீயையோ பிடித்து வரும் பறவை, அதை முதலில் கம்பியில் அல்லது கிளையில் அடித்து, தேனீயானால் கொடுக்கைத் தேய்த்து அகற்றி, பிறகுதான் வளைக்குள் நுழையும். வாசலுக்கு நேரே ஒருவர் நின்றால் அது நுழையாது. இரையை அலகில் பிடித்தபடி கம்பியிலேயே அமர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், கத்தும், ஒரு சுற்றுப் பறந்துவிட்டு மறுபடி அதே கம்பியில் அமரும், கடைசியில் இரையைத் தானே விழுங்கிவிடும்.

அந்தக் காத்திருப்புக்குள்தான் எல்லோரும் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். நீல ஆகாயம், அலகில் கண்ணாடிச் சிறகு விரித்த தும்பி, கூர்மையான கண் என்று எல்லாம் பொருந்தி வரும் அந்தப் படத்துக்கு இணையத்தில் ஆயிரம் விருப்பங்கள் விழும். ஒரு பறவை நெடுநேரம் இரையோடு அமர்ந்திருக்கும் படங்களின் வரிசையைக் காணும்போதெல்லாம், கமரா எங்கே நின்றிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. உள்ளே பசித்த குஞ்சுகள் இருக்கின்றன. இரையோடு வந்த பறவை வழமையான நேரத்துக்குள் உள்ளே போகவில்லை என்றால் நாம் நிற்கும் இடம் பிழை. வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை. கரைக்குப் பக்கவாட்டில், பறவைகள் இரை பிடிக்கும் வெளியை நோக்கி அமர்ந்துகொண்டு, 1/2000 செக்கனுக்குக் குறையாத ஷட்டர் வேகத்தில் பறப்பதைப் பிடிக்க முயல்வது கடினமானது, பத்தில் ஒன்பது படம் வீணாகும். ஆனால் வாசல் திறந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஞ்சுருட்டான் விரும்பும் செங்குத்தான மணற்சுவர்களை இப்போது பல இடங்களில் உண்டாக்குவது ஆறு அல்ல, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். மண் அகழ்ந்த குழியின் விளிம்பில் வெட்டுச்சுவர் நின்றால் பறவைகள் வளை தோண்டிவிடும். பிறகு டிப்பர்கள் மறுபடி வந்து அதே சுவரை வெட்டி ஏற்றிப் போகும். இலங்கையில் பறவைகளின் முட்டைகளை எடுப்பதும் கூடுகளை அழிப்பதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மண் அள்ளுபவர்களுடன் ஒப்பிட்டால் கமராக்காரர் செய்யும் தீங்கு அற்பம் என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுவார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் டிப்பர்காரர் பறவையை நேசிப்பதாக எங்கேயும் எழுதுவதில்லை.

எங்கள் தீங்குகள் சிறியவை, கண்ணில் படாதவை. படம் தெளிவாக வரவேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலையை ஒடிப்பது அவற்றில் முதலாவது: கொண்டைக்குருவியின் கூட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு இலைகள் நமக்குத் திரையாகத் தெரியும், குஞ்சுக்கு அவைதாம் கூரை, காகத்துக்கு அவைதாம் சுவர். காகம் மிகக் கூர்ந்த கவனிப்பாளன். ஒரு மனிதன் ஒரு புதரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், அவன் போனபின் காகமும் போய்ப் பார்க்கும். புல்லை மிதித்து உண்டாக்கும் ஒற்றையடிப் பாதையில் கீரியும் உடும்பும் ஊர் நாயும் வரும். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு ஆணை வரவழைப்பதும் அப்படித்தான். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு எல்லையைக் காக்க ஓடிவருகிறது.

கூட்டமாக முட்டையிடும் பறவைகளில் ஒரு தவறு நூறாகப் பெருகும். வைகாசி, ஆனியில் கடலோர மணல்திட்டுகளில் சின்ன ஆலாக்கள் முட்டையிடும். முட்டை மணலோடு மணலாய் இருப்பதால் திட்டின்மேல் நடந்தாலே மிதிபடும் ஆபத்து உண்டு. ஒன்று எழுந்தால் எல்லாம் எழும், எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் வெயிலில் கிடக்கும். மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு முகத்துவாரம், கல்லாற்று முகத்துவாரம் போன்ற இடங்களில் இத்தகைய திட்டுகளைக் கண்டால் இறங்கக் கூடாது. ட்ரோனை அவற்றின்மேல் அனுப்புபவரோடு எனக்குப் பேச எதுவுமில்லை.

தெற்கே குமணையில் இந்தச் சிக்கல் ஓரளவு தானாகவே தீர்ந்துவிடுகிறது. உகந்தை முருகன் கோயிலுக்கு அருகே நுழைவாயிலைக் கொண்ட அந்தத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் குமணை வில்லு, ஏறத்தாழ 200 ஹெக்டேர் கண்டற் சதுப்பு. 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கும்புக்கன் ஓயாவின் நீரும் கடல்நீரும் கலக்கும் அந்த வில்லில், மே, யூன் மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் மரத்துக்கு மரம் அடுக்கடுக்காய்க் கூடு வைக்கின்றன. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. பூங்காவில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது என்பதாலும், கூடுகள் நீருக்கு நடுவே மரங்களில் இருப்பதாலும், ஆசை மிகுந்தவரும் குறிப்பிட்ட தூரத்துக்குமேல் கிட்டப் போக இயலாது. நீண்ட லென்ஸ் இல்லாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. குமணையில் நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த படம் அகலக்கோண லென்ஸால் எடுத்தது. ஒரு பறவையும் அதில் நகத்தளவுக்கு மேல் இல்லை. ஆனால் எந்த மரத்தில் எந்தப் பறவை மேல்மாடி, எது கீழ்மாடி என்பது முழுவதும் தெரியும்.

பஞ்சுருட்டான் எங்கே இருக்கிறது என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புபவர்கள் அதிகம். நான் சொல்வதில்லை. படத்தைப் பதிவேற்றும் முன் அதில் பதிந்திருக்கும் இடத்தகவலை அழித்துவிடுகிறேன். ஊர்ப் பெயரையும், பின்னணியில் அடையாளம் தரும் மரத்தையோ கோபுரத்தையோ தவிர்க்கிறேன். இது கருமித்தனம் என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் தாமரை படர்ந்த குளம் ஒன்றுக்குப் போங்கள். அம்பாறை மாவட்டத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. வால் நீண்டு, பிடரி பொன்னிறமாகி நிற்கும் நீளவால் இலைக்கோழி அங்கே இருக்கும். பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்து, ஒவ்வொருவரிடமும் நான்கு முட்டைகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். பொரித்த சிறிது நேரத்திலேயே குஞ்சுகள் இலைமேல் நடக்கத் தொடங்கிவிடுவதால், கூட்டைத் தேட வேண்டிய தேவையே இல்லை. உடம்பைவிடக் கால்விரல் பெரிதாகத் தெரியும் அந்தக் குஞ்சுகள் இலைக்கு இலை தத்திப் போவதை அணைக்கட்டில் வண்டியை நிறுத்தி, கதவின்மேல் மணற்பையை வைத்து அதில் லென்ஸைச் சாய்த்துக்கொண்டே எடுக்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அணைக்கட்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறரைக்கே போய்விடுங்கள். தண்ணீரில் படும் ஒளி வெண்மையைச் சுட்டுவிடும் என்பதால் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வையுங்கள்.